பெரிய ஓய்வூதிய நிதிகள் வளரும் நாடுகளுக்கு வரத் தயங்குவது ஏன்? எதைச் செய்தால் வருவார்கள்?

மருதங்கேணி (டொராண்டோ) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒண்டாரியோ மாகாணத்தில் பதினெட்டு ஆண்டுகளாகப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் சம்பளத்தில் மாதந்தோறும் பிடிக்கப்படும் பணத்தை ஒண்டாரியோ ஆசிரியர் ஓய்வூதியத் திட்டம் முதலீடு செய்கிறது. 2024ஆம் ஆண்டு முடிவில் அதன் நிகரச் சொத்து ஏறத்தாழ 26,600 கோடி கனடிய டாலர். அந்தப் பணம் எங்கெங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பதை இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் நான் பார்த்ததில்லை. சென்ற மாதம் பொறுமையாக உட்கார்ந்து படித்தபோது, இந்தியத் தேசிய நெடுஞ்சாலைகள் சிலவற்றின் சுங்க வருமானத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு என்பது தெரிந்தது. இலங்கையின் வடமராட்சிக் கிழக்கில் பிறந்து கனடாவில் பாடம் நடத்தும் எனக்கு, குஜராத்திலோ தெலங்கானாவிலோ ஒரு சரக்கு லாரி செலுத்தும் கட்டணம் முதுமைக் காலத்தில் சோறு போடப் போகிறது என்பது சற்று விசித்திரமாகவே இருந்தது.

தொடர்ந்து படித்ததில், இத்தகைய முதலீடுகள் விதிவிலக்கானவை என்று அறிந்தேன். உலகம் முழுவதிலும் ஓய்வூதிய நிதிகளிடம் 50 இலட்சம் கோடி டாலருக்கும் மேல் இருக்கிறது. ஆனால் மின்சாரமும் சாலையும் குடிநீரும் மிக அதிகமாகத் தேவைப்படும் நாடுகளுக்கு அதில் மிகச் சிறிய பகுதியே போகிறது. 2015ஆம் ஆண்டில் உலக வங்கியும் பிற வளர்ச்சி வங்கிகளும், தாங்கள் கொடுக்கும் பில்லியன்களைக் கொண்டு தனியாரின் டிரில்லியன்களை ஈர்க்கப் போவதாக அறிவித்தன. பத்து ஆண்டுகள் கடந்தும் அது நடந்ததாகத் தெரியவில்லை. பணமும் இருக்கிறது, தேவையும் இருக்கிறது என்றால் இரண்டுக்கும் நடுவில் நிற்பது எது? வரிச்சலுகை கொடுத்தால் போதுமா, அரசு உத்தரவாதம் வேண்டுமா, அல்லது வேறு ஏதாவதா? இன்னொரு கவலையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது: இது என் ஓய்வுக்காலப் பணம். ஏழை நாடுகள் வளர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். அதற்காக என் ஓய்வூதியம் கரைந்துவிடுவதையும் நான் விரும்பவில்லை. துறையில் இருப்பவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அந்தேரிவாசி (மும்பை) எழுதியது:

வணக்கம் அம்மா. உட்கட்டமைப்பு நிதித்துறையில் ஆலோசகனாக இருப்பதால் இந்தியாவைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். மற்ற நாடுகளைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

நீங்கள் பார்த்த அந்த நெடுஞ்சாலை முதலீட்டின் பின்னணி இது. இந்தியத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2021ஆம் ஆண்டில் ஓர் உட்கட்டமைப்பு முதலீட்டு அறக்கட்டளையை நிறுவியது. எங்கள் வட்டாரத்தில் இதனை ‘இன்விட்’ என்போம். முதலீட்டாளர்களின் பணத்தில் சொத்துகளை வாங்கி வைத்து, அவற்றின் வருமானத்தை அவர்களுக்கே பிரித்துத் தரும் அமைப்பு இது. ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்டு, வண்டிகள் ஓடி, சுங்கம் வசூலாகிக்கொண்டிருந்த ஐந்து சாலைகள், மொத்தம் சுமார் 390 கிலோமீட்டர், முதலில் அதற்கு மாற்றப்பட்டன. கனடாவின் மத்திய ஓய்வூதிய முதலீட்டு வாரியமும் உங்கள் ஆசிரியர் திட்டமும் அதில் தலா 25 சதவீதப் பங்கை வாங்கின. இன்விட்டுக்கான விதிகளை இந்தியப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2014ஆம் ஆண்டிலேயே வகுத்துவிட்டது. பங்கிட்டுத் தரக்கூடிய ரொக்கத்தில் குறைந்தது 90 சதவீதத்தை முதலீட்டாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும் என்பது அவ்விதிகளில் முக்கியமான ஒன்று. ஓய்வூதியம் கொடுக்க வேண்டிய நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் கையில் வரும் பணமே தேவை. இருபது ஆண்டுகள் கழித்து விற்றால் பெரும் இலாபம் வரலாம் என்ற நம்பிக்கையை வைத்துக்கொண்டு அடுத்த மாதத்து ஓய்வூதியத்தைப் பட்டுவாடா செய்ய முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் கட்டப்படாத சாலையில் பணம் போடவில்லை என்பதாகும். நிலம் கையகப்படுத்துவதில் வழக்கு வருமா, ஒப்பந்தக்காரர் பாதியில் விட்டுவிடுவாரா, எதிர்பார்த்த போக்குவரத்து வருமா என்ற மூன்று பெரிய இடர்களையும் அரசு தன் தோளில் தாங்கி முடித்த பிறகே அவர்கள் வந்தார்கள். ஆழம் தெரியாமல் காலை விடுவதில்லை என்பது இவர்களின் கொள்கை. அதைக் குறை சொல்லவும் முடியாது, ஏனெனில் அந்தக் கால் உங்களுடையது.

இதற்கு முன்னோடியாக ஆணையம் இன்னொரு வழியையும் முயன்றது. முடிந்த சாலைகளைத் தொகுத்து, முப்பது ஆண்டுகளுக்குச் சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஏலம் விட்டது. 2018ஆம் ஆண்டில் ஆந்திராவிலும் குஜராத்திலும் உள்ள ஒன்பது சாலைகளைக் கொண்ட முதல் தொகுப்பை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நிதி நிறுவனமான மெக்குவாரி 9,681 கோடி ரூபாய்க்கு எடுத்தது. தொகை முழுவதும் முன்கூட்டியே ஆணையத்துக்கு வந்தது. எல்லோரும் மகிழ்ந்துகொண்டிருந்தபோது இரண்டாவது தொகுப்புக்கு வந்த கேட்பு விலை ஆணையத்தின் மதிப்பீட்டைவிடக் குறைவாக இருந்ததால் அந்த ஏலம் கைவிடப்பட்டது. ஒரு முறை வந்த முதலீட்டாளர் தானாகவே மறுமுறையும் வருவார் என்று எண்ணியவர்களுக்கு அது ஒரு பாடம்.

மேலும், தனியாக வரத் தயங்குபவர்களை அழைத்து வருவதற்காக மத்திய அரசு 2015ஆம் ஆண்டில் தேசிய முதலீட்டு மற்றும் உட்கட்டமைப்பு நிதியத்தை அமைத்தது. அதில் அரசு தனக்கு 49 சதவீதம் மட்டுமே வைத்துக்கொண்டது. பாதிக்கு ஒரு படி கீழே நின்றதால், முதலீட்டு முடிவுகள் அமைச்சகத்தில் எடுக்கப்பட மாட்டா என்ற செய்தி வெளியில் இருப்பவர்களுக்குச் சென்றது. முதலில் 2017ஆம் ஆண்டில் அபுதாபி முதலீட்டு ஆணையம் 100 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது. பிறகு சிங்கப்பூரின் அரசு முதலீட்டு நிறுவனமான தெமாசெக் வந்தது. 2019ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியான ஆஸ்திரேலியன் சூப்பரும் உங்கள் ஆசிரியர் திட்டமும் தலா 100 கோடி டாலர் வரை முதலீடு செய்ய உடன்பட்டன. ஆனால் அந்தத் தலா 100 கோடியில் 25 கோடி மட்டுமே நிதியத்துக்கு நேரடியாக வாக்களிக்கப்பட்டது. மீதி 75 கோடி, நல்ல திட்டம் வந்தால் கூடச் சேர்ந்து முதலீடு செய்யும் உரிமை. அவர்கள் விரும்பினால் செய்யலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம். பெரிய நிதிகள் இந்த உரிமையை மிகவும் விரும்புகின்றன. உள்ளூர் நிலவரம் தெரிந்த கூட்டாளி கிடைக்கிறார், கட்டணமும் குறைகிறது.

வரிச்சலுகை பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2020ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், உட்கட்டமைப்பில் குறைந்தது மூன்று ஆண்டுகள் முதலீட்டை வைத்திருக்கும் வெளிநாட்டு ஓய்வூதிய நிதிகளுக்கும் அரசு முதலீட்டு நிதியங்களுக்கும் ஈவு, வட்டி, நீண்டகால மூலதன ஆதாயம் ஆகியவற்றின் மீதான வரியை நீக்கியது. 2024 மார்ச் வரை என்றிருந்த அச்சலுகை நீட்டிக்கப்பட்டு இப்போது 2030 மார்ச் 31 வரை இருக்கிறது. இது பெரும் பணக்காரர்களுக்குத் தரும் பரிசு என்று தோன்றலாம். ஆனால் ஓய்வூதிய நிதி தன் சொந்த நாட்டில் வரி செலுத்துவதில்லை. அதனால் இங்கே செலுத்தும் வரியை அங்கே கழித்துக்கொள்ளவும் வழியில்லை. சாதாரண நிறுவனத்துக்கு இரட்டை வரி ஒப்பந்தம் கைகொடுக்கும். இவர்களுக்கு இந்திய வரி முழுவதுமே நட்டம். எனவே இச்சலுகை பயனுள்ளதுதான். ஆயினும் நான் கண்ட வரையில், வரிச்சலுகைக்காக மட்டும் யாரும் விமானம் ஏறி வரவில்லை. 2012ஆம் ஆண்டில் முன்தேதியிட்டு வரி விதிக்கும் திருத்தத்தைக் கொண்டு வந்து, 2021 ஆகஸ்டில் அதைத் திரும்பப் பெறும் வரை இந்தியா இழந்த நம்பிக்கையை எந்தச் சலுகையாலும் ஈடு செய்ய முடியவில்லை.

சுங்கச்சாவடிப் பயணி (விழுப்புரம்) எழுதியது:

மேலே எழுதிய நண்பரிடம் ஓர் ஐயம். கட்டி முடித்து இலாபம் ஈட்டும் சாலையை வாங்குவது எப்படி வளர்ச்சிக்கு நிதி தருவதாகும்? புதிதாக ஒரு அடி சாலைகூடப் போடப்படவில்லையே! வளரும் நாடு தன் பணத்தில் இடரைச் சுமந்து கட்டுகிறது, பணக்கார நாட்டின் நிதி வந்து கனிந்த பழத்தைப் பறித்துக்கொள்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆசிரியை அம்மையார் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் வாரம் இரண்டு முறை சுங்கச்சாவடியில் பணம் கட்டுபவன் என்ற முறையில் கேட்கிறேன்.

அந்தேரிவாசி எழுதியது:

நியாயமான கேள்வி. விற்ற பணம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தே இதற்கு விடை சொல்ல முடியும். ஆணையம் அந்தப் பணத்தைக் கொண்டு அடுத்த சாலையைக் கட்டினால், ஒரே மூலதனம் இரண்டு முறை உழைத்ததாகிறது. நாற்றங்காலில் வளர்ந்ததைப் பிடுங்கி நட்டுவிட்டு, அதே நாற்றங்காலில் மறுபடி விதைப்பது போல. பற்றாக்குறையை நிரப்பவோ பழைய கடனை அடைக்கவோ மட்டும் பயன்பட்டால் நீங்கள் சொல்வதே சரி. ஆணையத்தின் கடன் மூன்று இலட்சம் கோடி ரூபாயைத் தாண்டிய காலத்தில், இன்விட் வழியாக வந்த தொகையில் ஒரு பகுதி கடனை முன்கூட்டியே அடைக்கத்தான் சென்றது. கடன் குறைந்தால் வட்டி குறைந்து புதிய சாலைக்கு இடம் உண்டாகும் என்று வாதிடலாம். அது ஒரு சுற்று வழி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ரைன்கரை (ஜெர்மனி) எழுதியது:

நான் ஐரோப்பியக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இடர் மதிப்பீட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பெரிய முதலீட்டாளர்களின் தயக்கத்தை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

முதலாவது, எங்கள் கையைக் கட்டிப்போடும் விதிகள் எங்கள் நாட்டிலேயே இருக்கின்றன. 2016ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியக் காப்பீட்டு மூலதன விதிகளின்படி, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலோ பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியிலோ உள்ள சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்கு ஒன்றை வாங்கினால் அதன் மதிப்பில் அடிப்படையாக 39 சதவீதத்தை மூலதனமாக ஒதுக்கி வைக்க வேண்டும். மற்றவற்றுக்கு அது 49 சதவீதம். திட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தியாவிலோ கென்யாவிலோ இருப்பதாலேயே அதன் விலை எங்களுக்குக் கூடிவிடுகிறது. ஓய்வூதிய நிதிகளுக்கு இந்த விதி பொருந்தாது என்பது உண்மை; ஆனால் கனடாவின் மத்திய ஓய்வூதிய வாரியத்தை உருவாக்கிய 1997ஆம் ஆண்டுச் சட்டம், தேவையற்ற நட்ட இடரின்றி மிக அதிக வருமானம் ஈட்டுவதையே அதன் கடமையாகச் சொல்கிறது. வறுமை ஒழிப்பு அதன் வேலைப்பட்டியலில் இல்லை. இருக்கவும் கூடாது என்பது என் கருத்து.

இரண்டாவது, தரமதிப்பீடு, அதாவது கடனைத் திருப்பித் தரும் திறனுக்கு மதிப்பீட்டு நிறுவனங்கள் தரும் மதிப்பெண். ஒரு நாட்டின் அரசுக்குக் கிடைக்கும் மதிப்பீட்டைவிட உயர்ந்த மதிப்பீடு அந்நாட்டிலுள்ள திட்டத்துக்குக் கிடைப்பது அரிது. ஆப்பிரிக்க நாடுகளில் மிகப் பெரும்பாலானவை ‘முதலீட்டுத் தரம்’ எனப்படும் பாதுகாப்பான வரம்புக்குக் கீழே இருக்கின்றன. முதலீட்டுத் தரத்துக்குக் கீழே வாங்கக் கூடாது என்று பல நிதிகளின் உள்விதிகள் சொல்கின்றன. அவ்வளவுதான், அங்கேயே கோப்பு மூடப்பட்டுவிடும்.

ஆனால் அச்சம் உண்மையைவிடப் பெரிது என்பதற்கும் சான்று உண்டு. ஐரோப்பிய முதலீட்டு வங்கியும் உலக வங்கிக் குழுமத்தின் தனியார் துறைப் பிரிவான பன்னாட்டு நிதிக் கழகமும் 2009ஆம் ஆண்டில் தொடங்கிய ஜெம்ஸ் என்ற தரவுத்தொகுப்பில், வளர்ச்சி வங்கிகள் பல பத்தாண்டுகளாகக் கொடுத்த கடன்களின் வரலாறு இருக்கிறது. வளரும் நாடுகளில் தனியாருக்குக் கொடுத்த கடன்களில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 3.5 சதவீதமே வராக்கடனாகியிருக்கிறது. வராமல் போனவற்றிலும் 70 சதவீதத்துக்கு மேல் பின்னர் மீட்கப்பட்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இந்தத் தரவை மிக நீண்ட காலம் வளர்ச்சி வங்கிகள் தங்களுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தன. நாடு வாரியாகவும் துறை வாரியாகவும் ஓரளவு விரிவாக வெளியிடத் தொடங்கியது அண்மை ஆண்டுகளில்தான். ‘வாருங்கள், வாருங்கள்’ என்று வாயிலில் நின்று அழைத்துக்கொண்டே கணக்குப் புத்தகத்தைக் காட்ட மறுத்தால் யார் வருவார்கள்?

ஒண்டாரியோ ஆசிரியைக்கு ஒரு வார்த்தை: உங்கள் மாகாணத்து நகராட்சி ஊழியர்களின் ஓய்வூதிய நிதியான ஓமர்ஸ், இலண்டனுக்குக் குடிநீர் வழங்கும் தேம்ஸ் வாட்டர் நிறுவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வைத்திருந்தது. 2024ஆம் ஆண்டில் அந்த முதலீடு முழுவதையும் சுழியமாக எழுதித் தள்ளியது. உங்கள் ஆசிரியர் திட்டமே எஃப்டிஎக்ஸ் என்ற மறைநாணயச் சந்தையில் போட்ட 9.5 கோடி அமெரிக்க டாலரை 2022ஆம் ஆண்டில் முழுமையாக இழந்தது. இரண்டும் வளரும் நாட்டில் நடந்தவை என்று யாரும் சொல்ல முடியாது.

மூன்றாவது, நடைமுறையில் பலன் தந்த வழி. பொதுப்பணம் முன்னால் நின்று முதல் அடியை வாங்கிக்கொள்வதுதான் அது. 2018ஆம் ஆண்டில் பன்னாட்டு நிதிக் கழகமும் பிரான்சின் அமுண்டி நிறுவனமும் சேர்ந்து, வளரும் நாட்டு வங்கிகள் வெளியிடும் பசுமைப் பத்திரங்களை (சுற்றுச்சூழல் திட்டங்களுக்கான கடன் பத்திரங்களை) வாங்கும் ஒரு நிதியத்தைத் தொடங்கின. அதற்கு 140 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. நட்டம் வந்தால் முதலில் கரைவது கழகம் போட்ட அடிமட்ட அடுக்கு. அதைத் தாண்டினால்தான் ஓய்வூதிய நிதிகளின் மேலடுக்கைத் தொடும். அதே ஆண்டில் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி, ஏற்கெனவே கொடுத்திருந்த சுமார் 100 கோடி டாலர் கடன்களின் இடரில் ஒரு பகுதியைத் தனியார் முதலீட்டாளர்களுக்கு விற்று, தன் மூலதனத்தை விடுவித்துக்கொண்டு புதுக்கடன் கொடுத்தது. நார்வேயில் நார்ஃபண்ட் என்ற அரசு வளர்ச்சி நிதியமும் நகராட்சி ஊழியர்களின் ஓய்வூதிய நிறுவனமான கேஎல்பியும் சேர்ந்து, ராஜஸ்தானில் 420 மெகாவாட் சூரிய மின் திட்டத்தில் 49 சதவீதம் எடுத்தன. பழக்கப்பட்ட பங்காளி முன்னால் நடந்தால் பின்னால் நடப்பது எளிது.

ஆனால் மிகை நம்பிக்கை வேண்டாம். இலண்டனிலுள்ள ஓடிஐ ஆய்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டில் கணக்கிட்டபோது, வளர்ச்சி வங்கிகள் போட்ட ஒவ்வொரு டாலருக்கும் சராசரியாக 75 சென்ட் தனியார் பணமே வந்திருந்தது. மிக ஏழை நாடுகளில் அது 37 சென்ட். பில்லியன் டிரில்லியனாகும் கணக்கு இதில் எங்கேயும் இல்லை.

நகராட்சிக் கணக்கர் (ஓய்வு, சென்னை) எழுதியது:

முதல் அடியை வாங்கிக்கொள்ளும் முறை பற்றி ரைன்கரை எழுதியதைப் படித்ததும் பழைய நினைவு வந்தது. எங்கள் மாநிலத்தில் 2002ஆம் ஆண்டிலேயே இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். வெளிநாட்டு முதலீட்டாளர் யாரும் அதில் இல்லை, ஆனால் சூத்திரம் ஒன்றேதான்.

பதின்மூன்று சிறு உள்ளாட்சிகளுக்குக் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்காகப் பணம் தேவைப்பட்டது. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சந்தைக்குப் போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தேவைப்பட்டதும் சில கோடிகளே. தமிழ்நாட்டில் ஒரு குடிநீர் மற்றும் சுகாதாரத் தொகுப்பு நிதியம் அமைத்து, எல்லோருடைய தேவையையும் ஒன்றாகக் கட்டி, 30.41 கோடி ரூபாய்க்குப் பதினைந்து ஆண்டுப் பத்திரம் வெளியிட்டார்கள். உள்ளாட்சிகளின் வருவாய் முதலில் தனிக் கணக்கில் விழ வேண்டும். போதாவிட்டால் கடன் சேவைக்கென ஒதுக்கிய நிதி. அதுவும் போதாவிட்டால் மாநில அரசு அந்த உள்ளாட்சிக்குத் தர வேண்டிய மானியத்தில் பிடித்தம். இவை எல்லாவற்றுக்கும் பின்னால் அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் பன்னாட்டு வளர்ச்சி முகமையின் உத்தரவாதம். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வரப்பு கட்டியதால்தான் 9.2 சதவீத வட்டிக்கு நீண்ட காலப் பணம் கிடைத்தது. ‘எங்கள் பேரூராட்சிக்கு எதற்கு அமெரிக்க உத்தரவாதம்’ என்று கேட்டுச் சிரித்த மேலாளர்கள் அன்று உண்டு.

நான் இதிலிருந்து சொல்ல வருவது அளவைப் பற்றி. பெரிய நிதியிடம் இரண்டு கோடி டாலர் திட்டத்தைக் கொண்டு போவது யானைப் பசிக்குச் சோளப்பொரி நீட்டுவது போன்றது. அந்தத் திட்டத்தை ஆராய ஆகும் வழக்கறிஞர் செலவும் பொறியாளர் செலவும் இருபது கோடி டாலர் திட்டத்துக்கு ஆவதைவிட அதிகம் குறையாது. வளரும் நாடுகளில் நல்ல திட்டங்கள் இல்லை என்ற பேச்சை நான் நம்புவதில்லை. தொகுத்துக் கட்டித் தரும் ஆளில்லை, அதுதான் குறை. அந்த வேலைக்குப் புகழும் கிடையாது. ஆறு மாதம் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

சுங்கச்சாவடிப் பயணி எழுதியது:

உத்தரவாதம், அடுக்கு, வரப்பு எல்லாம் சரி. ஒப்பந்தத்தை அரசே மீறினால் என்ன செய்வது? ஆந்திரப் பிரதேசத்தில் 2019ஆம் ஆண்டில் ஆட்சி மாறியதும், முந்தைய அரசு காற்றாலை, சூரிய மின் நிறுவனங்களுடன் செய்த கொள்முதல் ஒப்பந்தங்களின் விலையை மறுபரிசீலனை செய்யக் குழு அமைத்தார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தபோது ஒரு யூனிட்டுக்கு இடைக்காலமாக 2.43, 2.44 ரூபாய் என்று கொடுத்தார்கள். 2022 மார்ச்சில்தான் உயர் நீதிமன்றம் பழைய விலையையே கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மின்சாரம் விலை அதிகம் என்று அரசு நினைத்ததில் தவறில்லை, மக்கள் கட்டும் கட்டணம்தானே அது. ஆனாலும் மூன்று ஆண்டு இழுபறியைக் கண்டவர்கள் அடுத்த ஒப்பந்தத்தில் அதற்கும் சேர்த்து விலை வைத்துவிடுவார்கள். இறுதியில் நாமே கட்டுவோம்.

ரைன்கரை எழுதியது:

உங்கள் கடைசி வரி இடர் மதிப்பீட்டுக்காரர்களின் வேலையை அப்படியே சொல்கிறது. உலக வங்கிக் குழுமத்தின் மிகா என்ற முகமை 1988ஆம் ஆண்டு முதல் இதற்குத்தான் காப்பீடு தருகிறது: பறிமுதல், போர், பணத்தை நாட்டைவிட்டு எடுத்துச் செல்லத் தடை, அரசின் ஒப்பந்த மீறல். ஒப்பந்த மீறல் பிரிவில் இழப்பீடு பெறப் பொதுவாக முதலில் நடுவர் மன்றத் தீர்ப்பு வேண்டும் என்பதால் காலம் ஆகும். ஆனால் அந்த முகமை பின்னால் இருக்கிறது என்பதே பல அரசுகளைப் பேச்சுவார்த்தைக்குக் கொண்டு வந்துவிடுகிறது; உலக வங்கியைப் பகைத்துக்கொள்ள எந்த நிதியமைச்சரும் விரும்புவதில்லை.

மருதங்கேணி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பாதிக் கேள்விகள் தீர்ந்தன. ஒன்று புதிதாக முளைத்திருக்கிறது. 2022ஆம் ஆண்டில் இலங்கையில் சில வாரங்களுக்குள் டாலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனதை, ஊரில் உள்ள உறவினர்களுக்குப் பணம் அனுப்பும் எங்களால் மறக்க முடியாது. சுங்கமும் மின்கட்டணமும் உள்ளூர் நாணயத்தில் வசூலாகின்றன. என் ஓய்வூதியமோ கனடிய டாலரில். இந்த இடைவெளியை யார் சுமக்கிறார்கள்? இதைப் பற்றி யாரும் பேசவில்லையே.

அந்தேரிவாசி எழுதியது:

அம்மா, நாங்கள் தவிர்த்ததை நீங்கள் பிடித்துவிட்டீர்கள். இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது, முழுத் தீர்வு இன்றும் இல்லை.

டாலரில் கடன் கொடுத்தால் இடரை வாங்குபவர் சுமக்கிறார். உள்ளூர் நாணயம் சரிந்தால் கட்டணத்தை ஏற்ற வேண்டும், அல்லது திட்டம் மூழ்க வேண்டும். உள்ளூர் நாணயத்தில் முதலீடு செய்தால் நீங்கள் சுமக்கிறீர்கள். 2014ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டாலர் சுமார் 62 ரூபாய். 2024 முடிவில் 85 ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு ஏறத்தாழ 3 சதவீதம் கரைந்திருக்கிறது. ரூபாயில் 12 சதவீதம் ஈட்டிய திட்டம் டாலரில் 9 சதவீதம்தான். ஆனால் உங்களுக்கு ஆறுதலான ஒரு செய்தி இருக்கிறது. அதே காலத்தில் கனடிய டாலரும் அமெரிக்க டாலருக்கு எதிராகச் சரிந்தது. 2014 தொடக்கத்தில் ஒரு கனடிய டாலர் சுமார் 58 ரூபாய். 2024 முடிவில் சுமார் 60 ரூபாய். ஒண்டாரியோ ஆசிரியைக்கு, அந்தப் பதினோரு ஆண்டுகளின் இரு முனைகளையும் மட்டும் வைத்துப் பார்த்தால், ரூபாய் கரையவே இல்லை என்று சொல்லலாம். இதை வருங்காலத்துக்கான வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த நாணயத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தே இடர் மாறுகிறது என்பதற்காகச் சொன்னேன்.

ரைன்கரை எழுதியது:

ரூபாய்க்காவது ஆழமான சந்தை இருக்கிறது. விலை கொடுத்தால் வங்கிகள் நாணய இடரை ஏற்றுக்கொள்ளும். தான்சானியாவுக்கோ மியன்மாருக்கோ அது கிடையாது. அதற்காகவே 2007ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் டிசிஎக்ஸ் என்ற நிதியத்தை வளர்ச்சி வங்கிகள் சேர்ந்து அமைத்தன. வேறு யாரும் தொடாத 70க்கும் மேற்பட்ட நாணயங்களின் இடரைத் தன்னிடம் வாங்கிக்கொண்டு, ஒரு நாணயம் விழும்போது இன்னொன்று எழும் என்ற பரவலை நம்பி அது நடக்கிறது. கருத்து மிக நல்லது. தேவையோடு ஒப்பிட்டால் அளவு சிறிது, விலையும் மலிவாக இல்லை.

என்னைக் கேட்டால், நாணயச் சிக்கலுக்கு நம்பகமான விடை உள்ளூர் ஓய்வூதியப் பணத்தை முதலில் உள்ளே கொண்டு வருவதுதான். நைஜீரியாவில் 2004ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகு ஓய்வூதிய நிதிகள் வளர்ந்தன, ஆனால் பணம் பெரும்பாலும் அரசுப் பத்திரங்களிலேயே கிடந்தது. 2017ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு முதலீட்டு ஆணையமும் காரண்ட்கோ என்ற பன்னாட்டு உத்தரவாத நிறுவனமும் சேர்ந்து இன்ஃப்ராகிரெடிட்டைத் தொடங்கின. உள்கட்டமைப்பு நிறுவனங்கள் அந்நாட்டு நாணயமான நைராவில் வெளியிடும் பத்திரங்களுக்கு அது உத்தரவாதம் தருகிறது. முதலில் ஒரு மின்உற்பத்தி நிறுவனம் 1,000 கோடி நைராவுக்குப் பத்தாண்டுப் பத்திரம் வெளியிட்டது. உள்ளூர் ஓய்வூதிய நிதிகள் வாங்கின. சம்பாதிப்பதும் நைரா, திருப்பிக் கொடுப்பதும் நைரா, ஓய்வூதியம் பெறுபவர் செலவழிப்பதும் நைரா. அங்கே வெளிநாட்டுப் பணத்துக்கு உரிய இடம் உத்தரவாத நிறுவனத்தின் மூலதனமாக நிற்பதே. நேரடியாகக் கடன் கொடுப்பதைவிட அது குறைந்த பணத்தில் அதிக வேலை செய்யும். இலங்கையின் ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டு முதல் இருக்கிறது, நாட்டிலேயே பெரிய நிதி அதுதான். பெரும்பகுதியை அரசு முறிகளில், அதாவது அரசின் கடன் பத்திரங்களில், வைத்திருந்ததால் 2023ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் அதன் முறிகளையும் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்கு வேறு வாசல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

இன்னொன்றும் கவனத்தில் இருக்கட்டும். இப்போது காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. 2025 மே மாதத்தில் பிரிட்டனின் பதினேழு பெரிய ஓய்வூதிய நிறுவனங்கள், தங்கள் முதன்மை நிதிகளில் 10 சதவீதத்தைப் பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத முதலீடுகளில் போடவும், அதில் பாதியைப் பிரிட்டனுக்குள்ளேயே வைக்கவும் உடன்பட்டன. உங்கள் கனடிய அரசும் 2024 முடிவில் இருந்தே உள்நாட்டில் முதலீடு செய்யும்படி ஓய்வூதிய நிதிகளைத் தூண்டி வருகிறது. வளரும் நாடுகள் இனி ஒன்றோடொன்று மட்டும் போட்டியிடவில்லை. முதலீட்டாளரின் சொந்த ஊரோடும் போட்டியிட வேண்டியிருக்கிறது.

மருதங்கேணி எழுதியது:

கனடிய டாலர் கணக்கை நானே சரிபார்த்தேன், உண்மைதான். எங்கள் திட்டத்தின் உறுப்பினர் சேவைப் பிரிவுக்கு எழுதப் போகிறேன். இந்திய முதலீடுகளில் நாணய இடருக்குக் காப்பு எடுத்திருக்கிறார்களா என்று கேட்டால் பதில் சொல்வார்களா?

அந்தேரிவாசி எழுதியது:

தனித்தனி முதலீட்டைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். அதற்கு முன் ஆண்டறிக்கையின் பின்பகுதியில் நிதிநிலை அறிக்கைக்கான குறிப்புகளைப் பாருங்கள்; வெளிநாட்டு நாணய இடர் என்ற தலைப்பில் நாணய வாரியாக ஓர் அட்டவணை இருக்கும். அதில் இந்திய ரூபாய் தனி வரியாக வந்திருக்கிறதா, ‘பிற’ என்பதற்குள் போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதினால், அவர்களும் பொதுவான பதிலோடு உங்களை அனுப்பிவிட முடியாது.